மாதக் கடைசியிலும் கையில் பணம் நிற்க: வீட்டுச் சிக்கனத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிக்கனம் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் சில்லறை விஷயங்கள். போன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள் என்பது அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். போன் மாட்டாமல் சும்மா சொருகிக் கிடக்கும் இன்றைய சார்ஜர் ஒன்று இழுப்பது கால் வாட்டுக்கும் குறைவு. வருடம் முழுக்க அப்படியே இருந்தாலும் 2 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்கவே அரை யூனிட்டுக்கு மேல் ஆகிறது. அதாவது நாலு முறை வெந்நீர் போட்டால், சார்ஜரின் ஒரு வருடக் கணக்கு தீர்ந்துவிடும். சார்ஜரைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஹீட்டரைக் காலை முழுக்க ஓடவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையில் போகிறது. முதலில் அளப்பது, அப்புறம் பெரிய செலவைப் பிடிப்பது, அதிலும் நமக்கு எந்தச் சுகமும் தராமல் போகும் பணத்தை முதலில் நிறுத்துவது. பிடித்ததைச் சாப்பிடுவது, நண்பர்களோடு வெளியே போவது இதிலெல்லாம் கைவைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். பல வீடுகளில் அதுவரை போகவே தேவை இருக்காது.

படி 1: ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

கணக்கு எழுத ஆரம்பித்த அன்றே செலவையும் குறைக்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் உங்கள் உண்மையான செலவு என்ன என்பது தெரியாமலே போய்விடும். முதல் மாதம் வழக்கம்போல் செலவு செய்யுங்கள். ஆனால் ஒன்று விடாமல் எழுதுங்கள். நோட்டு, போன், எக்செல், எது கைக்கு வருகிறதோ அது. செயலி தேடி ஒரு வாரம் கழிக்க வேண்டாம்.

தலைப்புகள் குறைவாக இருக்கட்டும்: வீடு, உணவு, மின்சாரம்-எரிபொருள்-தண்ணீர், போக்குவரத்து, கடன், மருத்துவம், மற்றவை. இருபது தலைப்பு வைத்தால் பத்தாம் நாள் சலித்துவிடும். 'மற்றவை' மட்டும் வீங்கிக்கொண்டே போனால், அதை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்.

இதோடு கடந்த 3 மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வராத செலவுகள் தனிப் பட்டியல்: காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு, விழாக்காலச் செலவு, வீட்டு வரி. இவற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் மறைந்த மாதச் செலவு. "இந்த மாதம் மட்டும் எதிர்பாராத செலவு" என்று வருடத்தில் ஏழெட்டு மாதம் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல் இல்லாததுதான். பள்ளி திறக்கும் என்பது எதிர்பாராத செய்தி இல்லையே.

மாதம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். தேவை என்றால் 'தே'. சந்தோஷம் தந்தது என்றால் 'ச'. ஏன் செலவானது என்றே தெரியவில்லை என்றால் 'வீ', அதாவது வீண். இந்த மூன்றாவது குறி விழும் இடங்கள்தான் இனி நம் வேலை.

படி 2: தானாகவே கழியும் பணத்தை நிறுத்துங்கள்

இது ஒரு மாலை நேர வேலை. ஆனால் இந்த வழிகாட்டியிலேயே, செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு அதிகப் பணம் மிச்சம் தருவதும் இதுதான்.

வங்கி அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை கழியும் வரிகளைக் கோடிடுங்கள். பார்க்காத படச் சந்தா, போகாத உடற்பயிற்சிக்கூடம், இலவசச் சோதனைக்காலம் என்று நுழைந்து காசாக மாறிய செயலி, ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டும் ஒரே சேவை. சந்தேகமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். உண்மையிலேயே வேண்டும் என்றால் திரும்பச் சேர்வதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. புதிதாக எந்தச் சோதனைக்காலத்தில் சேர்ந்தாலும், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தாமதக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் ஆகியவையும் இந்த வகைதான். கட்ட வேண்டிய தொகை அதேதான். மறதிக்காக மேலே கட்டுகிறோம். நிலையான பில்களைத் தானியங்கிப் பணம் செலுத்தலில் போட்டுவிட்டு, கழியும் தேதியைச் சம்பளத் தேதிக்கு அடுத்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வட்டி. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், மற்ற எல்லாச் சிக்கனத்துக்கும் முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். மாதம் 3 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42.6 சதவீதம் ஆகிறது. 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்ற வரியின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாக்கி 10,000. மாத வட்டி 3 சதவீதம். மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதத்தை மட்டும் கட்டிவருகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் சுமார் 5,500 கட்டியிருப்பீர்கள். அப்போதும் பாக்கி 7,700-க்கு மேல் நிற்கும். காய்கறிக் கடையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது இதற்கு முன்னால் எங்கே நிற்கும்?

கடன் பல இருந்தால், வட்டி அதிகமானதை முதலில் அடைப்பது கணக்குப்படி சரி. சிறிய கடனை முதலில் முடித்துவிட்டால் சிலருக்குத் தெம்பு வருகிறது, அதுவும் தவறில்லை. ஆனால் வட்டியில் பெரிய வித்தியாசம் இருந்தால் தெம்பைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, வட்டி அதிகமானதையே முடியுங்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று வருவதில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி இதில் போகிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: சமையலறை

ஏர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. இன்றும் அது பொருந்துகிறது. நடுத்தர வருமானத்துக்குக் கீழே உள்ள வீடுகளில் கைவைக்கக்கூடிய பெரிய செலவு பெரும்பாலும் உணவுதான். வாடகையை நினைத்த மாதம் குறைக்க முடியாது. சமையலறையை இன்று மாலையே மாற்றலாம்.

மாற்ற வேண்டியது சாப்பிடும் அளவை இல்லை, குப்பைக்குப் போகும் அளவை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவகங்களும் கடைகளும் சேர்ந்தால்கூட நம் வீடுகளை எட்டவில்லை.

முதலில் குப்பைத்தொட்டிக்கு மேலே ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு, தூக்கிப் போடும் உணவை எல்லாம் அதில் எழுதுங்கள்: என்ன, ஏன். 'வாடியது', 'மிஞ்சியது', 'யாருக்கும் பிடிக்கவில்லை', 'இருப்பதே தெரியவில்லை'. இந்தக் காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறு. சில வீடுகளில் சமைக்கும் அளவு அதிகம். சில வீடுகளில் வாங்கும் அளவு அதிகம். சில வீடுகளில் ஃபிரிட்ஜின் பின்வரிசை ஒரு கல்லறை. எது உங்கள் வீட்டு நோய் என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

பிறகு வாரத் திட்டம். பெரும்பாலானவர்கள் என்ன சமைக்கலாம் என்று யோசித்து, அதற்கேற்பப் பொருள் வாங்குகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். ஃபிரிட்ஜையும் அலமாரியையும் திறந்து, எது சீக்கிரம் கெடும் என்று பாருங்கள். அதை வைத்து முதல் இரண்டு நாள் சமையலை முடிவு செய்யுங்கள். குறையும் பொருளை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். ஏழு நாளுக்கும் திட்டம் போட வேண்டாம். ஐந்து நாளுக்குப் போடுங்கள். ஒரு நாள் மிச்சத்தை முடிக்கும் நாள். இன்னொரு நாள் எப்படியும் திட்டம் மாறும், விருந்தாளி வருவார், அல்லது சமைக்க மனம் வராது.

வைக்கும் முறையிலும் காசு இருக்கிறது. பழுக்கும் பழங்கள் பலவும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது பக்கத்தில் இருக்கும் காய்களையும் கீரைகளையும் சீக்கிரம் பழுக்கவும் வாடவும் வைக்கும். ஆகவே பழம் ஒரு தட்டில், கீரை வேறு தட்டில். கீரையைக் கழுவி வைப்பதானால் நன்றாக ஈரம் உலர்த்தி, காகிதத்திலோ துணியிலோ சுற்றி வையுங்கள். அழுகலுக்கு ஈரமே காரணம். ஃபிரிட்ஜ் 4 டிகிரியைச் சுற்றியும், ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்கட்டும். மிஞ்சிய சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும்; அகலமான சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து வையுங்கள். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். உடனே சாப்பிட வேண்டியவற்றுக்குக் கண்ணுக்கு நேராக ஒரு தட்டை ஒதுக்கினால் 'இருப்பதே தெரியவில்லை' என்ற பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும்.

பாக்கெட்டில் இருக்கும் தேதியில் இரண்டு வகை உண்டு. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பு பற்றியது. அதைத் தாண்டினால் சாப்பிடாதீர்கள். 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவை, மொறுமொறுப்பு போன்ற தரத்தைப் பற்றியது. அது தாண்டிய உலர்ந்த பொருளைத் திறந்து பார்க்காமலே குப்பையில் போட வேண்டியதில்லை.

அடுப்புக்கு வருவோம். கொதிக்கும் தண்ணீர், திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் சுமார் 100 டிகிரிதான். தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகப் போகும், உணவு சீக்கிரம் வேகாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். பிரஷர் குக்கர் வேகமாக வேகவைப்பதன் ரகசியமும் இங்கேதான்: உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கிறது. முதல் ஆவி வந்ததும் அழுத்தம் நிற்கும் அளவுக்குத் தீயைக் குறைத்தால் போதும். பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் ஏறும் தீ அறையைத்தான் சூடாக்குகிறது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். எரிவாயு முழுதாக எரியவில்லை என்பதற்கு அடையாளம் அது. பயறு வகைகளை முந்தின இரவே ஊறவைப்பதற்குக் காசே ஆகாது, அடுப்பு நேரம் கணிசமாகக் குறையும்.

படி 4: கடைக்குப் போகும்போது

விலையைப் பார்க்காதீர்கள், அலகு விலையைப் பாருங்கள். 400 கிராம் பாக்கெட் 90, ஒரு கிலோ பாக்கெட் 240 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 100 கிராமுக்கு 22.5, இரண்டாவது 24. 'குடும்பப் பாக்கெட்' என்று பெரிதாக எழுதியிருப்பதுதான் இங்கே விலை அதிகம். எப்போதும் இப்படி இருக்காது. ஆனால் போனை எடுத்து ஒரு வகுத்தல் போடாமல் நம்பக் கூடாது. பழைய விலையிலேயே பாக்கெட்டின் எடையைக் குறைத்து விற்பதும் வழக்கமாக நடக்கிறது, ஆகவே தெரிந்த பொருளிலும் அவ்வப்போது எடையைப் பாருங்கள்.

அடிக்கடி வாங்கும் இருபது பொருள்களின் அலகு விலையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எது எங்கே மலிவு, எந்தத் தள்ளுபடி உண்மையானது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். 'ஐம்பது சதவீதத் தள்ளுபடி' என்பது முன்பு என்ன விலை என்று தெரிந்தவருக்கு மட்டுமே பொருள் தரும்.

மொத்தமாக வாங்குவது, கெடாத பொருளுக்கு மட்டும். சோப்பு, உலர்ந்த தானியம், பல்பு சரி. எண்ணெய், பொடி வகைகள் ஓரளவு. சீக்கிரம் கெடுவதில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால், கடையின் குப்பையை நம் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று அர்த்தம். இன்னொன்று, வீட்டில் நிறைய இருந்தால் கை தாராளமாகும். சலவைத்தூள் டப்பா பெரிதாகும்போது ஒரு கரண்டி இரண்டாகிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிப் போடுவதால் துணி கூடுதலாக வெளுக்காது, அலசத் தண்ணீர்தான் அதிகம் ஆகும்.

பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்பார்கள். சரிதான். அதைவிட உதவுவது, போகும் தடவையைக் குறைப்பது. ஒரு பொருளுக்காகப் போய் ஒரு பொருளோடு திரும்புகிறவர்கள் குறைவு.

படி 5: மின்சாரம்

ஒரே ஒரு சூத்திரம் போதும். வாட் எண்ணை மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டணம் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் படிப்படியாக ஏறும் முறை இருந்தால், கடைசியாகச் சேரும் யூனிட்டின் விலையை எடுங்கள். நீங்கள் குறைக்கும்போது முதலில் மிச்சமாவது அதுதான்.

எதில் கவனம் வைப்பது? சூடாக்குவதும் குளிர்விப்பதும் முதலில். பிறகு நாள் முழுக்க ஓடுபவை. விளக்கும் சின்னச் சாதனங்களும் கடைசியில்.

வாட்டர் ஹீட்டர்: முன்பு சொன்ன 15 லிட்டருக்கு, 2,000 வாட் ஹீட்டர் சுமார் 16 நிமிடம் ஓடினால் போதும். குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். அடுத்தடுத்து எல்லோரும் குளித்துவிட்டால் தொட்டி ஆறி மறுபடி சூடாவது மிச்சம்.

ஏசி அல்லது அறை ஹீட்டர்: வெளி வெப்பத்துக்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட மின்சாரம் கூடும். ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. சீக்கிரம் குளிரட்டும் என்று 18-இல் வைப்பதால் சாதாரண ஏசி வேகமாகக் குளிர்விக்காது. நிறுத்த மறந்து அதிக நேரம் ஓடும், அவ்வளவே. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். கதவடி இடுக்கை அடைப்பதும், வெயில் விழும் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் தருவதும் ஒருமுறைச் செலவு. மின்விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை, நம் தோலின் வியர்வையை உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அது சுற்றுவது யாருக்கும் உதவாது.

ஃபிரிட்ஜ்: கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் காற்றோட இடம் விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃபிரீசரில் பனி தடித்தால் கரைத்துவிடுங்கள்.

சலவை இயந்திரம் வெந்நீரில் துவைக்கும்போது அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. தினசரித் துணிக்குக் குளிர்ந்த நீரும் முழுக் கூடையும் போதும்.

பழைய சாதனத்தை மாற்றலாமா என்பதையும் அதே சூத்திரம் சொல்லிவிடும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றி, தினம் 5 மணி நேரம் எரித்தால் வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். தினம் 12 மணி நேரம் சுற்றும் 75 வாட் மின்விசிறிக்குப் பதில் பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் கொண்ட 30 வாட் வகையைப் போட்டால் 197 யூனிட். புதிய சாதனத்தின் விலையை, வருடத்தில் மிச்சமாகும் தொகையால் வகுங்கள். எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். மூன்று வருடத்துக்குள் என்றால் உடனே மாற்றலாம். எட்டு வருடம் என்றால், பழையது பழுதாகட்டும், அதுவரை விட்டுவிடுங்கள். எப்போதாவது விருந்தினர் வரும்போது மட்டும் சுற்றும் விசிறியை மாற்றுவது சிக்கனம் இல்லை.

சார்ஜரைக் கேலி செய்தேன். ஆனால் சும்மா இருக்கும்போது இழுக்கும் எல்லாச் சாதனமும் அப்படி இல்லை. டிவியோடு இணைந்த பெட்டி ஒன்று அணைத்த பிறகும் 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 88 யூனிட் அருகில் வரும். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும் சாதனங்களை ஒரே பலகையில் இணைத்து, தூங்கும் முன் ஒரு சுவிட்சில் அணையுங்கள்.

படி 6: தண்ணீர்

மீட்டர் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டி மீதுதான். அது சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தாமலே கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வை மாற்ற வேண்டும்.

சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் டம்ளர் வையுங்கள். 200 மில்லி சேர்ந்தால் மாதம் 144 லிட்டர். வாஷர் மாற்றுவதை வேண்டாம் என்று சொல்ல அதற்கு மேல் மனம் வராது.

படி 7: பொருள் வாங்குவதும் வைத்திருப்பதும்

அவசரமில்லாத எதையும் உடனே வாங்காமல் ஒரு பட்டியலில் தேதியோடு எழுதுங்கள். சின்னப் பொருளுக்கு 3 நாள், பெரிய பொருளுக்கு 30 நாள். நாள் முடிந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் குற்ற உணர்வில்லாமல் வாங்குங்கள். பாதிப் பொருள் எதற்காக எழுதினோம் என்பதே அதற்குள் மறந்துபோயிருக்கும். இணையக் கடைகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிட்டால் இந்த விதியைக் கடைப்பிடிப்பது சுலபம். எழுந்து போய்க் கார்டு எடுத்துவரும் சோம்பல் நம் பக்கம் நிற்கும்.

தினமும் தொடுவதில் நல்ல தரம் வாங்கலாம். விலை இரட்டிப்பான செருப்பு மூன்று மடங்கு காலம் உழைத்தால் அதுதான் மலிவு. வருடத்தில் ஒரு நாள் தொடும் துளைக்கருவி, ஏணி போன்றவற்றை இரவல் வாங்குங்கள், நீங்களும் கேட்டால் கொடுங்கள். பழைய பொருள் வாங்குவதில் மர மேசை, புத்தகம், குழந்தைகளின் துணி எல்லாம் நல்ல பேரம். ஹெல்மெட்டும் குழந்தைக்கான கார் இருக்கையும் மட்டும் பழையதாக வேண்டாம். முன்பு அடிபட்டதா என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

படி 8: கைவைக்கக் கூடாத இடங்கள்

எரிவாயுக் குழாய், மின் ஒயரிங், வண்டியின் டயரும் பிரேக்கும், பல் வலி, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை. இவற்றைத் தள்ளிப்போட்டால் மிச்சமாவது கொஞ்சம், பின்னால் போவது பல மடங்கு. மருத்துவக் காப்பீட்டை மாதச் செலவைக் குறைக்க நிறுத்துவதும் அப்படியே. பொரித்த எண்ணெயைக் கறுத்துப் போகும்வரை திரும்பத் திரும்பச் சூடாக்குவதைச் சிக்கனம் என்று நான் எண்ண மாட்டேன்.

வீட்டிலேயே துப்புரவுக் கலவை தயாரிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். இரண்டும் மூச்சுக்கு ஆபத்து. கழிப்பறை அமிலமும் பிளீச்சும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேண்டவே வேண்டாம்.

படி 9: மிச்சமான பணத்தை இடம் மாற்றுங்கள்

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் மாதக் கடைசியில் ஒன்றும் நிற்கவில்லை என்பவர்கள் உண்டு. மின்சாரத்தில் குறைந்தது உண்மை. சந்தாவை நிறுத்தியதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் அதே கணக்கில் கிடந்ததால் வேறு எதிலோ கரைந்துவிட்டது. ஒரு சந்தாவை நிறுத்தினால், அந்தத் தொகைக்கு அன்றே சேமிப்புக் கணக்குக்கு மாதாந்தர மாற்றம் ஒன்றைப் போடுங்கள். மின் கட்டணம் போன முறையைவிடக் குறைந்தால், வித்தியாசத்தை அந்த நிமிடமே அனுப்புங்கள். சேமிப்புக்கான மாற்றம் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது.

அந்தப் பணம் போகும் வரிசை: முதலில் ஒரு மாதச் செலவுக்கான கைக்காவல் நிதி, அதாவது திடீர் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் பணம். பிறகு அதிக வட்டிக் கடன். பிறகு காவல் நிதியை மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு உயர்த்துவது. படி 1-இல் போட்ட வருடச் செலவுப் பட்டியலின் மாதப் பங்கு இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு. காவல் நிதிக்கு மேல் சேர்வதை வெறும் கணக்கில் தூங்க விடாதீர்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், சும்மா கிடக்கும் பணத்தின் வாங்கும் சக்தி ஏறக்குறைய 12 வருடத்தில் பாதியாகிவிடும்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் காவல்காரராக மாறிவிட்டால் இது ஓடாது. கணக்கை எல்லோரும் பார்க்கட்டும், குழந்தைகள் உட்பட. ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அது எங்கே போனது என்று யாரும் கேட்கக் கூடாது. அதை வைத்திருப்பவர்கள் மற்ற செலவில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பார்கள்.

இனி வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. இணைய இணைப்பு, வண்டிக் காப்பீடு, போன் திட்டம் ஆகியவை புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். பழைய வாடிக்கையாளரைவிடப் புதியவருக்கு மலிவாகக் கொடுக்கும் இடங்கள் பல. வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டு எழுதிக்கொண்டு, இப்போதைய நிறுவனத்தை அழைத்து அந்த விலைக்குத் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் மாறுவதற்கு அவகாசமில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும்.